கல் யாருக்கு?

பிரமிடுகளைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், அத்தனை பெரிய கற்களை எப்படி வெட்டினார்கள் என்ற வியப்பே முன்னால் வந்து நிற்கிறது. வேற்றுக்கோள்வாசிகளைத் துணைக்கு அழைப்பவர்களும் உண்டு. ஆனால் எகிப்தியர் எவற்றைக் கொண்டு கட்டினார்கள் என்பதற்குச் சான்றுகள் ஏராளமாகவே கிடைத்துள்ளன. அவற்றைப் பார்க்கும்போது, கல்லை எப்படி வெட்டினார்கள் என்பதோடு, யாருக்காக வெட்டினார்கள் என்றும் கேட்கத் தோன்றுகிறது. நம் காவிரிக்கரையிலும் கேட்கவேண்டிய கேள்வி அது.

பிரமிடுகளின் காலத்து எகிப்தியரிடம் இரும்புக் கருவிகள் இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குச் செம்பு உளியும் மரச் சுத்தியும் போதுமானவை. கிரானைட்டிடம் செம்பு தோற்றுவிடும். எனவே டோலரைட் என்னும் கடினமான கல்லின் உருண்டைகளால் கிரானைட்டை இடித்து இடித்துப் பொடியாக்கினர். அறுக்கும்போது செம்பு ரம்பத்தின் அடியில் மணலைத் தூவினர். உண்மையில் கல்லை அறுத்தது அந்த மணல்தான். விரிசல் கண்டதால் கைவிடப்பட்ட, ஏறத்தாழ 42 மீட்டர் நீளமுள்ள ஒற்றைக்கல் தூண் ஒன்று அசுவானில் கிடக்கிறது. இடித்த குழிவுகளை அதைச் சுற்றி இன்றும் காணலாம்.

ஜெஹூதிஹோதெப் என்பவரின் கல்லறை ஓவியத்தில், சறுக்குச் சட்டத்தில் ஏற்றிய பெரும் சிலையை 172 பேர் இழுக்கிறார்கள். சிலையின் காலடியில் நிற்கும் ஒருவன் முன்னால் நீர் ஊற்றுகிறான். இதை வெறும் சடங்கு என்று கருதியவர்கள் உண்டு. அளவாக நனைந்த மணலில் இழுவிசை பாதியாகக் குறைகிறது என்று 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். தேர் எல் மெதினாவில் செந்நெட்ஜெம் என்ற பணியாளரின் கல்லறையில் மூலைமட்டமும் தூக்குக்குண்டு கட்டிய மட்டப்பலகையும் இருந்தன. நம்மூர்க் கொத்தனார் பார்த்தவுடன் அடையாளம் காணக்கூடிய கருவிகள் அவை.

ஆனால் அரசன் உயிரோடு வாழ்ந்த மாளிகை கல்லால் ஆனதன்று. நைல் வண்டலில் வைக்கோலைக் கலந்து, மர அச்சில் வார்த்து, வெயிலில் காயவைத்த பச்சைச் செங்கல்லால் ஆனது. கல், இறந்தோருக்கும் தெய்வங்களுக்கும் உரியதாக இருந்தது. கல்லறைகள் நிலைத்ததும் அரண்மனைகள் கரைந்ததும் அதனால்தான்.

இனி நம் பக்கம் வருவோம். ஜேடர்பாளையத்துக்கு மேற்கே, நொய்யல் கரையில் இருக்கிறது கொடுமணல். 1985இல் தொடங்கிய அகழாய்வுகளில் இரும்பு உருக்கிய உலைகள் அங்கே வெளிப்பட்டன. எகிப்தியருக்கு இல்லாத கருவி இங்கே இருந்தது. கருங்கல்லும் சுற்றிலும் கிடந்தது. ஆயினும் அம்மக்கள் பெரும் பலகைக் கற்களை நிறுத்தியது ஈமச்சின்னங்களுக்குத்தான். வாழ்ந்த வீடுகளுக்கு மண்ணும் மரமும் கூரையுமே போதும் என்றிருந்தனர். செங்கல்லும் ஓடும் பெருகிய கீழடியிலும் கருங்கல் மாளிகை இல்லை. பதுக்கையும் நடுகல்லும் இறந்தோருக்கு உரியவை. ஆகவே கருவி இல்லாமையைக் காரணமாகச் சொல்ல இயலாது. கல்லுக்கு ஒரு பொருள் இருந்தது. அந்தப் பொருளே தடுத்தது.

இறந்தோருக்குரிய கல்லில் இறைவனுக்கு இல்லம் அமைக்கத் தமிழர் நெடுங்காலம் தயங்கினர் என்பது ஆய்வாளர் சிலரின் கருத்து. ஏழாம் நூற்றாண்டில் மகேந்திரவர்மன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியவை இல்லாமல் கோயில் எடுப்பித்ததாக மண்டகப்பட்டுக் கல்வெட்டில் பெருமிதத்தோடு அறிவிக்கிறான். அந்தத் தயக்கத்தை மனத்தில் வைத்துப் படித்தால் இந்தப் பெருமிதத்தின் காரணம் விளங்கும். அடுத்த நூற்றாண்டில் நாமக்கல் மலையின் கிழக்கிலும் மேற்கிலும் அதியர் மரபினர் அரங்கநாதர், நரசிம்மர் குடைவரைகளை அமைத்தனர். அங்கே கல்தச்சனோடு கொல்லனும் உழைத்திருக்க வேண்டும். கருங்கல்லில் உளிமுனை விரைவில் மழுங்கும். அதைக் காய்ச்சி, தட்டிக் கூராக்கி, நீரில் தோய்த்துத் தந்தால்தான் வேலை நகரும்.

ஜேடர்பாளையத்தில் கல் மூன்றாவதாக ஒரு பொருளைப் பெறுகிறது. பதினேழாம் நூற்றாண்டில் அல்லாள இளைய நாயகர் இங்கே காவிரியின் குறுக்கே அணை அமைத்து, ராஜவாய்க்காலை வெட்டினார் என்பது வட்டார வரலாறு. ஆற்றை மறிக்கக் கல்லிடும் வழக்கத்துக்குக் கல்லணை முன்னோடியாக இருந்தது. பரமத்தி வேலூர், மோகனூர்ப் பக்கத்து வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் கரும்பும் இந்த அணையிலிருந்து பிரியும் வாய்க்கால்களை நம்பியவை. இங்கே கல், உயிரோடு இருப்பவர்களின் சோற்றுக்காக அடுக்கப்பட்டது.

கருவிகளைப் பட்டியலிட்டால் ஒரு சமூகத்தின் திறன் தெரியும். அது தன் வலிய பொருளை யாருக்கு ஒதுக்கியது என்று பார்த்தால் அதன் மனம் தெரியும். இன்று வைரம் பதித்த கம்பி, மலையையே பாளம் பாளமாக அறுக்கிறது. அந்தப் பாளங்கள் மெருகேறிக் கப்பலேறுகின்றன. நம் காலத்துக் கல் யாருக்கு என்ற கேள்விக்கு, பின்னால் வருகிறவர்கள் நாம் விட்டுச்செல்லும் பள்ளங்களைப் பார்த்து விடை சொல்வார்கள்.