கேன்சருக்கு 'பிளாட்டினம் ஊசி' ஏன்? நகைக்கடை உலோகம் மருந்தானது எப்படி?

திருத்தணியில் இருந்து அடையாறுக்கோ வேலூர் சி.எம்.சி-க்கோ கீமோவுக்குப் போய் வரும் பலரின் மருந்துச் சீட்டில் உள்ள பெயர் சிஸ்பிளாட்டின். நகைக்கடையில் பார்க்கிற அதே பிளாட்டினம்தான் இதன் நடுவில் இருக்கிறது.

1965-ல் அமெரிக்காவில் பார்னெட் ரோசன்பெர்க், பாக்டீரியா இருந்த கரைசலில் மின்சாரம் செலுத்தினார். செல்கள் பிரியாமல் நீண்டுகொண்டே போயின. காரணம் மின்சாரம் இல்லை, மின்முனையில் இருந்து கரைந்த பிளாட்டினம்! 1978-ல் அது மருந்தாக ஒப்புதல் பெற்றது.

செல்லின் டி.என்.ஏ-வில் இது ஒட்டிக்கொள்வதால் நகல் எடுக்க முடியாமல் செல் சாகிறது. சிக்கல் என்னன்னா, நல்ல செல்லையும் விடாது. கிட்னி பாதிக்கலாம், அதனால்தான் கூடவே சலைன் ஏற்றுகிறார்கள். காதில் இரைச்சல் கேட்டால் டாக்டரிடம் உடனே சொல்லிடணும்.

இதனாலேயே ருத்தேனியம், காப்பர் போன்ற இடைநிலை உலோகங்கள் பக்கம் ஆய்வு திரும்பியது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத்தில் எம்.பழனியாண்டவர் குழு காப்பர் சேர்மங்களைக் கேன்சர் செல்கள் மீது சோதித்துள்ளது. அதுக்காக செம்புப் பாத்திரத் தண்ணீரை ஊசிக்கு மாற்றாக நினைத்துவிட வேண்டாம். ஆய்வகத் தட்டில் ஜெயிப்பது வேற, உடம்பில் ஜெயிப்பது வேற. நாமி-ஏ என்ற ருத்தேனிய மருந்து, நோயாளிகள் மீதான சோதனை வரை வந்தும் கைவிடப்பட்டது.