ஜாவர் முதல் டில்லி வரை: தமிழ்த் திரையில் சிறை மீண்டவன்

முன்னுரை

1950-இல் வெளியான ‘ஏழை படும் பாடு’ படத்தில் கைதி கந்தனாக நடித்தவர் வி. நாகையா. அவரை விடாமல் துரத்தும் காவல் அதிகாரி ஜாவராக நடித்தவர் என். சீதாராமன். அந்தப் படத்துக்குப் பிறகு சீதாராமன் வாழ்நாள் முழுவதும் ‘ஜாவர்’ சீதாராமன் என்றே அறியப்பட்டார். கந்தன் என்ற பெயரோ யாரோடும் ஒட்டிக்கொள்ளவில்லை. துரத்தியவனின் பெயர் நிலைத்தது. திருந்தி வாழ முயன்றவனின் பெயர் மறைந்தது. சிறை மீண்டவனைத் தமிழ்த் திரை எவ்வாறு கண்டது என்பதை ஆராய இதுவே தக்க தொடக்கம்.

1950 முதல் 2019 வரை வெளிவந்த ஆறு படங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. கைதிக்கும் காக்கிச்சட்டைக்கும் உள்ள உறவு, கைதியின் பிழைப்பு ஆகிய இரண்டையும் அது பின்தொடர்கிறது.

துரத்தலும் மறைதலும்

விக்டர் ஹியூகோ 1862-இல் வெளியிட்ட பிரெஞ்சு நாவலைச் சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ என்ற பெயரில் தமிழாக்கினார். அதே பெயரில் கோவை பட்சிராஜா ஸ்டுடியோவுக்காகக் கே. ராம்நாத் அதைப் படமாக்கினார். கந்தன் தன்னை நம்பிய பாதிரியாரின் வெள்ளிப் பாத்திரங்களையே திருடுகிறான். அவர் காட்டும் கருணை அவனை மாற்றுகிறது. ஆனால் திருந்தியவன் தன் சொந்தப் பெயரில் வாழ முடிவதில்லை. வேறு பெயரில் தொழில் நடத்திப் பெரிய மனிதன் ஆகிறான். ஜாவர் தேடி வருகிறார்.

பி. மாதவன் இயக்கிய ‘ஞான ஒளி’யிலும் (1972) இந்த அச்சு தெரிகிறது. சவப்பெட்டி செய்யும் அந்தோணி கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்று, தப்பி, பல ஆண்டுகளுக்குப் பின் அருண் என்ற செல்வந்தனாகத் திரும்புகிறான். அவனைப் பிடிக்கத் துடிக்கும் லாரன்ஸ் அவனுடைய இளமைக்கால நண்பர். சட்டமும் நட்பும் ஒரே ஆளுக்குள் மோதுவது 1950-இலிருந்து இப்படம் நகர்ந்த தொலைவைக் காட்டுகிறது. ஆனால் இரு படங்களிலும் மறுவாழ்வின் விலை ஒன்றே: பழைய பெயரைப் புதைத்தாக வேண்டும்.

காவலரே வழிகாட்டி

நன்னடத்தையின் பேரில் குற்றவாளிகளை விடுவிக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1930-களிலேயே இயற்றப்பட்டது. நாடு முழுவதற்குமான சட்டம் 1958-இல் வந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் வி. சாந்தாராம் ‘தோ ஆங்கேன் பாரஹ் ஹாத்’ என்ற இந்திப் படத்தை வெளியிட்டார். அவுந்து சமஸ்தானத்தில் 1939-இல் ஸ்வதந்த்ரபூர் என்ற இடத்தில் நடந்த திறந்தவெளிச் சிறை முயற்சியே அக்கதைக்கு வித்து. அம்முயற்சியின் பின்னணியில் இருந்தவர் போலந்தில் பிறந்த மாரிஸ் ஃப்ரீட்மன்.

1975-இல் கே. சங்கர் இயக்கத்தில் எம்.ஜி.ஆர். நடித்த ‘பல்லாண்டு வாழ்க’ இதன் தமிழ் வடிவம். சிறை அதிகாரி ஆறு கொலைக் கைதிகளை வெளியே அழைத்துச் சென்று நிலத்தைத் திருத்தச் சொல்கிறார். நம்பியார், பி.எஸ். வீரப்பா, ஆர்.எஸ். மனோகர் எனத் தமிழ்த் திரையின் நிரந்தர வில்லன்களைக் கைதிகளாகத் தேர்ந்தது கூர்மையான முடிவு. கெட்டவர்களாகவே பார்த்துப் பழகிய முகங்கள் வியர்வை சிந்திப் பயிர் வளர்ப்பதைக் கொட்டகை பார்த்தது. இங்கே யாரும் பெயரை மாற்றிக்கொள்ளவில்லை. மண்வெட்டியே அவர்களுக்கு மறுவாழ்வு. நாம் எடுத்துக்கொண்ட படங்களில் உழைப்பு கதையின் நடுவில் நிற்பது இது ஒன்றில் மட்டுமே.

பழியும் தேடலும்

பாரதிராஜாவின் ‘ஒரு கைதியின் டைரி’யில் (1985) சிறை மீண்டவனுக்குப் பிழைப்பைப் பற்றிய கவலையே இல்லை, பழி தீர்ப்பது ஒன்றே வேலை. அவனைத் தடுக்க நிற்கும் காவல் அதிகாரி அவனுடைய சொந்த மகன். 1950-இல் அந்நியராகவும் 1972-இல் நண்பராகவும் இருந்த காக்கிச்சட்டைக்காரர் இப்போது இரத்த உறவாகிவிட்டார்.

சந்தானபாரதி இயக்கிய ‘மகாநதி’ (1994) இன்னொரு திருப்பம். கும்பகோணம் பக்கத்துக் கிருஷ்ணசாமி சென்னையில் சீட்டு நிறுவன மோசடியில் சிக்கிச் சிறைக்குப் போகிறான். குற்றம் செய்யாதவனைத் திருத்த என்ன இருக்கிறது? எனவே கதையின் கேள்வி மாறுகிறது: அவன் உள்ளே இருந்த காலத்தில் வெளியே அவன் குடும்பம் என்ன ஆனது? மகனைக் கழைக்கூத்தாடிகளிடமும் மகளைக் கல்கத்தாவின் சோனாகச்சியிலும் அவன் கண்டெடுக்கிறான். தண்டனை ஒருவனுக்கு, அனுபவிப்பது வீடு முழுவதும் என்பதை இவ்வளவு வலியோடு சொன்ன தமிழ்ப் படம் அரிது. சிறைக்குள் கொடுமை செய்யும் அதிகாரியையும் வெளியே உதவும் அதிகாரியையும் ஒருசேரக் காட்டுவதால், காக்கிச்சட்டைக்கு ஒரே முகம் என்ற பழைய கணக்கும் இப்படத்தில் உடைகிறது.

தலைகீழான உறவு

லோகேஷ் கனகராஜின் ‘கைதி’யில் (2019) பத்தாண்டுச் சிறை முடித்து டில்லி வெளியே வருகிறான். இதுவரை கண்ணால் பாராத மகளை ஆதரவற்றோர் இல்லத்தில் பார்க்கப் புறப்பட்டவனை வழியிலேயே காவல்துறை பிடித்து வைக்கிறது. மயங்கிக் கிடக்கும் காவலர்களை ஏற்றிய லாரியை ஓட்ட அவனை விட்டால் ஆளில்லை. வாளிப் பிரியாணியை அவன் அள்ளி அள்ளித் தின்னும் காட்சியில் கொட்டகை சிரித்தது. பத்து வருடப் பசியை ஒரு வசனமும் இல்லாமல் சொன்ன காட்சியும் அதுதான். காவலர்களின் உயிர் கைதியின் கையில் இருக்கிறது. ஜாவர் கந்தனைத் துரத்திய கதை அறுபத்தொன்பது ஆண்டுகளில் தலைகீழாகிவிட்டது.

முடிவுரை

இரண்டு கோடுகள் எதிரெதிர்த் திசையில் சென்றிருக்கின்றன. கைதிக்கும் காவலருக்கும் இடையிலிருந்த தொலைவு படத்துக்குப் படம் குறைந்தது. கைதி தன் பெயரோடு வாழும் உரிமையும் பெற்றான். ஆனால் அவனுடைய பிழைப்பு கதையிலிருந்து மெல்ல வெளியேறியது. கந்தனுக்குத் தொழில் இருந்தது. ‘பல்லாண்டு வாழ்க’ கைதிகளுக்கு வயல் இருந்தது. பின்வந்தவர்களுக்குப் பழியும் பிள்ளைப் பாசமும் மட்டுமே மிஞ்சின. வாடகை வீடு கேட்டு அலைவதும், இத்தனை வருடம் எங்கே இருந்தாய் என்று கேட்கும் முதலாளி முன் தலைகுனிவதும் சிறை மீண்டவனின் அன்றாடம். அதைத் தமிழ்த் திரை இன்னும் முழுக்கதையாக்க வேண்டியிருக்கிறது. டில்லிக்கு லாரி ஓட்டத் தெரியும். மறுநாள் காலை அவனுக்கு யார் லாரியைக் கொடுப்பார்கள் என்பதைப் படம் சொல்வதில்லை.