கெர்ட்டி என்னும் டைனோசர்

கார்ட்டூன் என்றாலே நமக்கெல்லாம் மிக்கி மவுஸ்தான். மிக்கி திரைக்கு வந்தது 1928-ல். அதற்குப் பதினான்கு ஆண்டுகள் முன்பே, 1914-ல், அமெரிக்காவில் ஒரு டைனோசர் திரையில் அழுதிருக்கிறது தெரியுமா? அதன் பெயர் கெர்ட்டி. வரைந்தவர் வின்சர் மெக்கே என்ற பத்திரிகை ஓவியர்.

படம் ஓடும்போது மெக்கே சாட்டையுடன் மேடையில் நிற்பார். காலைத் தூக்கு என்றால் திரையில் கெர்ட்டி காலைத் தூக்கும். அதட்டினால் கண்ணீர் விடும். கடைசியில் அவர் திரைக்குப் பின்னால் நழுவுவார். அதே நொடியில் படத்துக்குள் ஒரு குட்டி மெக்கே தோன்றி, கெர்ட்டி மேல் ஏறிப் போய்விடுவார்.

இதற்காக ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்தார்கள். கெர்ட்டி மூச்சு விடுவது சரியாக வர வேண்டுமென்று, மெக்கே தன் மூச்சையே கடிகாரம் வைத்து அளந்தார். பின்னால் இருக்கும் பாறை, ஏரி, மரம் ஆகியவற்றையும் ஒவ்வொரு தாளிலும் திரும்பத் திரும்ப வரைய வேண்டும். அது ஜான் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் என்ற இளைஞரின் பொறுப்பு. ஒரே லெட்ஜர் பக்கத்தை ஆயிரக்கணக்கான தடவை கையால் நகலெடுப்பது மாதிரி! எங்கள் கிளையில் இப்படி ஒரு வேலை கொடுத்திருந்தால் யூனியன் சும்மா விட்டிருக்காது.

அசைவின் முக்கிய நிலைகளை முதலில் வரைந்துகொண்டு, இடைப்பட்டவற்றைப் பிறகு நிரப்புவது மெக்கேயின் முறை. அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை, காப்புரிமையும் கேட்கவில்லை. ஜான் பிரே என்பவர் இதுபோன்ற முறைகளுக்குக் காப்புரிமை வாங்கி, மெக்கே மீதே வழக்குப் போட்டார்! நல்லவேளையாக மெக்கே ஜெயித்தார். பிரேயிடமிருந்து சில காலம் ராயல்டியும் வந்தது. கையெழுத்து இல்லாமல் ஒரு ரூபாயையும் நகர்த்தாத தொழிலில் இருந்த எனக்கு, மெக்கே கொஞ்சம் வெகுளி என்றுதான் படுகிறது. ஆனாலும் பிடிக்கிறது.

அதே சமயத்தில் ஏர்ல் ஹர்ட் என்பவர் கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளைக் கொண்டுவந்தார். பின்னணியை ஒரு தடவை வரைந்தால் போதும், அசையும் உருவத்தை மட்டும் அதன்மேல் வைத்து மாற்றலாம். ஹர்டும் பிரேயும் கூட்டுச் சேர்ந்து, 1932 வரை மற்ற ஸ்டுடியோக்களிடம் உரிமத் தொகை வசூலித்தார்கள். கார்ட்டூன் ஒரு தொழிற்சாலை வேலையானது அப்படித்தான்.

கெர்ட்டி படம் இன்று இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, பன்னிரண்டு நிமிடம்தான். பேரக்குழந்தைகளுடன் உட்கார்ந்து பாருங்கள். அவர்கள் கெர்ட்டியைப் பார்க்கட்டும், நீங்கள் பின்னால் உள்ள பாறைகளைக் கவனியுங்கள். கோடுகள் லேசாக நடுங்கிக்கொண்டே இருக்கும். ஃபிலிம் பழசானதால் அல்ல. ஒவ்வொரு தாளிலும் ஃபிட்ஸ்சிம்மன்ஸ் புதிதாக வரைந்ததால்.