காற்றைத் தேடி வந்த கட்டடங்கள்

தாம்பரம் என்றதும் பலருக்கு நினைவு வருவது ரயிலும், மேம்பாலமும், பண்டிகைக்கு ஊர் போகும் கூட்டமும்தான். இறங்கி நின்று பார்க்கிற ஊராக அதை யாரும் நினைப்பதில்லை. ஆனால் பரங்கிமலையில் தொடங்கி வண்டலூர் வரை உள்ள கட்டடங்களின் கதையைக் கேட்டால் ஒன்று புலப்படும். சென்னை தனக்கு மூச்சு முட்டிய போதெல்லாம் இந்தத் தெற்குப் பக்கம்தான் திரும்பியிருக்கிறது.

சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியையே எடுத்துக்கொள்வோம். 1837-இல் ஜான் ஆண்டர்சன் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார் நடத்தத் தொடங்கிய பள்ளி, வில்லியம் மில்லரின் கையில் வளர்ந்து 1877-இல் இந்தப் பெயரைப் பெற்றது. அப்போது அது இருந்த இடம் ஜார்ஜ் டவுன், உயர் நீதிமன்றத்துக்கு எதிர்ப்புறம். நாலா பக்கமும் கடைவீதி. மாணவர் எண்ணிக்கை ஏற ஏற, விளையாடவும் தங்கவும் இடமில்லை. கடைசியில் நகரை விட்டே வெளியேறுவது என்று முடிவாயிற்று. சேலையூர்க் காட்டில் ஏறத்தாழ 375 ஏக்கர் நிலம் கிடைத்தது.

அந்த முட்காட்டில் கல்லூரியை வடிவமைத்தவர் ஹென்றி ஷேட்டி என்ற சுவிட்சர்லாந்துக் கட்டடக் கலைஞர். பனிமலை நாட்டுக்காரர் ஒருவர் செங்கற்பட்டு வெயிலுக்கு ஏற்ப யோசித்திருக்கிறார் என்பதுதான் இங்கே வியப்பு. நீளமான தாழ்வாரங்கள், நடுவில் முற்றங்கள், காற்று குறுக்கே புகுந்து வெளியேற வழி. வகுப்பறைகள் நடுவே இருக்க, சேலையூர் ஹால், செயின்ட் தாமஸ் ஹால், பிஷப் ஹீபர் ஹால் என்று மூன்று விடுதிகளும் தள்ளித் தள்ளி மரங்களுக்கிடையில் அமைந்தன. இன்றும் அங்கே படித்தவர்கள் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும்போது, எந்த ஹால் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். காட்டை அழித்துக் கட்டாமல், கட்டிய பிறகு காட்டை மேலும் வளர்த்தது இன்னொரு சிறப்பு. வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் தாவரவியலிலும் தேர்ந்தவர். வளாகத்து மரங்களில் அவருடைய உழைப்பும் அவர் மனைவியின் உழைப்பும் இருக்கின்றன.

1937 ஜனவரி 30 அன்று ஆளுநர் எர்ஸ்கின் பிரபு புதிய வளாகத்தைத் திறந்துவைத்தார். மறு ஆண்டே உலகம் இங்கே வந்து இறங்கியது. சீனாவில் நடத்தத் திட்டமிட்டிருந்த பன்னாட்டுக் கிறிஸ்தவ ஊழிய மாநாடு, ஜப்பான் தொடுத்த போரால் இடம் மாறி, 1938 டிசம்பரில் இந்த வளாகத்தில் கூடியது. 69 நாடுகளிலிருந்து 471 பேர் வந்தார்கள். இறையியல் படிப்பவர்கள் மத்தியில் 'தாம்பரம்' என்ற சொல்லே அந்த மாநாட்டைக் குறிக்கும்.

கல்லூரிக்கு முன்பே, 1928-இல், வேறொரு தேவைக்காகக் காற்றைத் தேடி வந்தவர் டாக்டர் சௌரிமுத்து. காசநோய்க்கு மருந்து இல்லாத காலம் அது. சுத்தமான காற்று, வெயில், ஓய்வு, நல்ல சாப்பாடு, இவைதான் சிகிச்சை. சுவிட்சர்லாந்தின் டாவோஸ் இந்த முறையால் புகழ்பெற்ற ஊர். நோயாளிகள் அங்கே மாதக்கணக்கில் பால்கனியில் போர்வை போர்த்திப் படுத்திருப்பார்கள். சௌரிமுத்து இங்கிலாந்தின் மெண்டிப் குன்றுகளில் அப்படியொரு காசநோய் நிலையத்தை நடத்தியவர். கணித மேதை ராமானுஜன் 1917-இல் அங்கே அவரிடம் சிகிச்சை பெற்றார். ராமானுஜன் மறைந்து எட்டு ஆண்டுகள் கழித்து, சௌரிமுத்து தம் சொந்த மண்ணில், தாம்பரத்துக்கு அருகே ஒரு நிலையம் தொடங்கினார். 1937-இல் அரசு அதை வாங்கிக்கொண்டது. அது இன்று அரசு நெஞ்சக மருத்துவமனை. ரயில் நிலையத்துக்கும் 'தாம்பரம் சானடோரியம்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

இவர்கள் யாரும் வருவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இந்தத் தெற்குப் பக்கக் குன்றுகளுக்கு ஆட்கள் வந்திருக்கிறார்கள். பல்லாவரம் குன்றில் முதலாம் மகேந்திரவர்மன் குடைந்த குகையில் அவனுடைய பட்டப்பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தக் குகை இப்போது முஸ்லிம்களின் வழிபாட்டிடம். பரங்கிமலை உச்சியில் போர்ச்சுக்கீசியர் 1523-இல் தேவாலயம் எழுப்பினார்கள். 1547-இல் அங்கே தோண்டியபோது பஹ்லவி எழுத்துப் பொறித்த கற்சிலுவை கிடைத்தது. மலையேறும் படிகளைக் கட்டித் தந்தவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மீது பாலம் கட்டியவரும் இவரே. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் இந்த மலையடிவாரத்தில் தொடங்கி, பெரும்பாக்கம் குன்றுவரை ஏறத்தாழ 12 கிலோமீட்டர் நீளத்துக்கு நில அளவைக்கான அடிக்கோட்டை அளந்தார். இமயம் வரை நாட்டை அளந்த மாபெரும் நில அளவை அங்கிருந்துதான் விரிந்தது.

நகரம் இன்னும் தெற்கே நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. 1855-இல் நகருக்குள் தொடங்கப்பட்ட விலங்குக் காட்சிசாலை 1985-இல் வண்டலூர் காட்டுக்கு வந்தது. 2023 ஏப்ரலில் மீனம்பாக்கத்தில் புதிய விமான முனையம் திறக்கப்பட்டது. கோலமும் கோபுரமும் அதன் அலங்காரத்தில் இடம்பெற்றுள்ளன. அதே ஆண்டு டிசம்பர் 30-இல், கோயம்பேடு பேருந்து நிலையத்தின் சுமையைக் குறைக்க, கிளாம்பாக்கத்தில் 88 ஏக்கரில் கலைஞர் நூற்றாண்டுப் பேருந்து முனையம் திறக்கப்பட்டது. கட்டடம் விசாலமானது, வெளிச்சமானது. ஆனால் திறந்த அன்று அதை ஒட்டி ரயில் நிலையம் தயாராக இல்லை. பெட்டியும் குழந்தையுமாக வந்தவர்கள் பட்ட பாடு நாடறிந்தது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் 1931-லேயே ஓடத் தொடங்கிவிட்டது. கல்லூரி ஆறு ஆண்டுகள் கழித்துத்தான் வந்தது. ரயில் முதலில், கட்டடம் பிறகு: அந்த வரிசைதான் சரி.

தாம்பரம் மாநகராட்சியானது 2021-இல். கட்டியவர் யார், எந்த ஆண்டு, எதற்காக என்பதைத் தமிழில் சொல்லும் பலகை ஒன்று இந்த இடங்கள் ஒவ்வொன்றின் வாசலிலும் இருக்க வேண்டும். மாநகராட்சி அதை முன்னின்று செய்யட்டும். பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கல்லூரிக்குள் அனுமதி கேட்டுப் போங்கள், சானடோரியத்தில் இன்றும் நோயாளிகள் சிகிச்சை பெறுகிறார்கள், அதை வெளியிலிருந்து பார்த்தால் போதும்.