வலியும் பிடியும்

பழந்தமிழர் மற்போரைக் கண்டு களித்ததோடு நில்லாது, அதன் பிடிகளையும் கூர்ந்து நோக்கினர். ஆமூர் மல்லனைப் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வீழ்த்தியதைப் புறநானூற்றில் பாடும் சாத்தந்தையார், ஒரு கால் மார்பை அழுத்த, மறுகால் முதுகை வளைத்த நிலையைக் காட்டுகின்றார். மல்லனோ பெருவலி படைத்தவன். அவ்வலி அங்கு உதவவில்லை.

உடலை வலுவாக்குவதற்கு எவ்வளவு பொழுது, பிடிகளைப் பழகுவதற்கு எவ்வளவு பொழுது? இன்று பிரேசிலிய ஜியு ஜிட்சு பயிலும் இளைஞரும் கேட்கும் இவ்வினாவுக்கு, 1878-இல் பிறந்த காமா பயில்வானின் வாழ்க்கை விடை தருகின்றது. நாள்தோறும் அவர் ஆயிரக்கணக்கில் தண்டாலும் பஸ்கியும் எடுத்தார். அதனோடு நாற்பது மல்லருடன் கோதாவில் பொருதினார் என்பர். தண்டாலும் பஸ்கியும் வெறும் பாரந்தூக்கல் அல்ல. மூச்சையும் மூட்டுகளையும் பிடிக்கெனவே பழக்குவன. ஆயினும் 1902-இல் பரோடாவில் அவர் தூக்கியதாகச் சொல்லப்படும் 1,200 கிலோ கல்லையே பலரும் வியப்பர். (அவ்வெடை நம்பத்தக்கதன்று.) கோதா மண்ணில் அவர் புரண்ட பொழுதை எண்ணுவார் இலர்.

1910 செப்டம்பர் 10 அன்று இலண்டனில் போலந்து மல்லர் ஸ்பிஸ்கோ அவரை எதிர்த்தார். காமாவினும் எடைமிக்க அவர், குப்புறப் படுத்துத் தரையைப் பற்றிக்கொண்டார். இரண்டரை மணி நேரத்திற்கு மேலாகியும் வெற்றி தோல்வி இல்லை. மறுவாரம் ஸ்பிஸ்கோ களத்திற்கு வரவேயில்லை. வெற்றி காமாவுக்கு அறிவிக்கப்பட்டது.

1928-இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் மோதினர். இருவருமே ஐம்பதை நெருங்கியிருந்தனர். இளமையின் வலி குன்றும் பருவம். ஒரு நிமிடத்திற்குள் ஸ்பிஸ்கோ மண்ணில் மல்லாந்தார்.