அறுபதை நெருங்கும்போது ஆயுள் காப்புறுதி: கையெழுத்திடும் முன் பார்க்க வேண்டியவை

ஊழியர் சேமலாப நிதியை ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலும் எடுத்துக்கொள்ளலாம். அந்தக் காசு கணக்கில் விழும் காலத்திலேயே காப்புறுதி முகவர்களும் வீடு தேடி வரத் தொடங்குகிறார்கள். காணி விற்ற வீடுகளுக்கும் வெளிநாட்டிலிருந்து பிள்ளை காசு அனுப்பும் வீடுகளுக்கும் இதே கதைதான். வருபவர் பெரும்பாலும் தெரிந்தவராக, உறவுக்காரப் பிள்ளையாக இருப்பார். "வேண்டாம்" என்று சொல்ல வாய் வராது. ஆனால் முகத்துக்காக இடும் ஒரு கையெழுத்து பத்து வருடங்களுக்கு மாதாமாதம் காசு கேட்கும்.

ஆயுள் காப்புறுதி எல்லா முதியவர்களுக்கும் தேவையான ஒன்றல்ல. நான் நாளை இல்லாமற்போனால் யாருடைய சோறு நின்றுபோகும் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பிள்ளைகள் வளர்ந்து தங்கள் காலில் நிற்கும் வீட்டில், அறுபது வயதானவரின் மரணம் பெருந்துயரமாக இருக்குமே தவிர, வருமான இழப்பாக இருக்காது. அவருக்கு நல்ல நிலையான வைப்பு ஒன்று போதும்.

எமது பிரதேசங்களில் எல்லா வீடுகளும் அப்படியில்லை. தாயையோ தகப்பனையோ போரில் இழந்த பேரப்பிள்ளைகளை அம்மம்மாவோ அப்பப்பாவோ உழைத்து வளர்க்கும் வீடுகள் உண்டு. கணவரைத் தேடிக்கொண்டே ஐம்பத்தைந்தைத் தாண்டிய பெண், தையல் இயந்திரத்தையோ தோட்டத்தையோ நம்பிக் குடும்பம் நடத்தும் வீடுகள் உண்டு. மாற்றுத்திறனாளியான மகன் தாயின் பராமரிப்பிலேயே இருக்கும் வீடுகளும் உண்டு. இவர்களுக்கு வயது தடையல்ல, தேவை உண்மையானது.

தேவை இருக்கிறது என்று கண்டால் அடுத்து ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஓர் உதாரணம்: 58 வயதுடைய ஒருவருக்கு 5 இலட்சம் ரூபா காப்புறுதி, மாதம் 5,000 ரூபா கட்டுப்பணம், பத்து வருடம் என்று சொல்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். பத்து வருடத்தில் கட்டுவது 6 இலட்சம். இடையில் இறந்தால் குடும்பத்துக்கு 5 இலட்சம். உயிரோடு இருந்தால் முடிவில் என்ன கிடைக்கும், அதில் உறுதியளிக்கப்பட்ட தொகை எவ்வளவு, "எதிர்பார்க்கப்படும்" இலாபப் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். முகவர் காட்டும் பெரிய தொகை பெரும்பாலும் இரண்டாவதையும் சேர்த்ததுதான். விலைவாசியையும் மறக்கக் கூடாது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. அதற்கு முன்னர் பெரிதாகத் தெரிந்த காப்புறுதித் தொகைகள் எவ்வளவு சுருங்கிப்போயின என்பதைப் பத்திரம் வைத்திருந்தவர்கள் அறிவார்கள்.

வகைகள் பல பெயர்களில் வந்தாலும் அடிப்படையில் இரண்டுதான். குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் மட்டும் பணம் தருவது ஒன்று. இதில் கட்டிய காசு திரும்ப வராது, ஆனால் கட்டுப்பணம் குறைவு. சேமிப்பும் காப்புறுதியும் சேர்ந்தது மற்றது. முகவர்கள் பெரிதும் விற்பது இதையே. வயது கூடக் கூட இதில் காப்புறுதிக்குப் போகும் பங்கு கூடி, சேமிப்புக்குப் போகும் பங்கு குறையும். பேரப்பிள்ளை படித்து முடிக்கும் வரைக்கும்தான் பாதுகாப்புத் தேவை என்றால் முதல் வகையே பொருத்தம் என்பது எனது கருத்து. இடைநடுவில் நிறுத்தினால் என்ன நடக்கும் என்பதையும் கேளுங்கள். பெரும்பாலான சேமிப்புப் பத்திரங்களில் முதல் மூன்று வருடங்களுக்குள் நிறுத்தினால் கையில் எதுவும் மிஞ்சாது.

இனி எமக்கே உரிய ஒரு விடயம். விண்ணப்பப் படிவத்தில் உடல்நலம் பற்றிய கேள்விகள் வரிசையாக இருக்கும். வேகமாக முடிக்க வேண்டுமென்று முகவரே எல்லாவற்றுக்கும் "இல்லை" என்று குறித்துவிடுவார். நீரிழிவு, உயர் குருதி அமுக்கம் மட்டுமல்ல, உடலில் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் செல் துண்டு, பழைய அறுவைச் சிகிச்சை, இழந்த கால், கேட்காத காது எல்லாம் அங்கே எழுதப்பட வேண்டியவை. எங்கே, எப்படிக் காயம் பட்டது என்று யாராவது கேட்பார்களோ என்ற பயத்தில் மறைப்பவர்களும் இருக்கிறார்கள். பயம் விளங்குகிறது. ஆனால் காப்புறுதி நிறுவனத்துக்குத் தேவையானது மருத்துவ விபரமே: துண்டு உடலின் எந்த இடத்தில் இருக்கிறது, என்ன சிகிச்சை நடந்தது, இப்போது என்ன மருந்து எடுக்கிறீர்கள். அதை எழுதினால் மருத்துவப் பரிசோதனை கேட்பார்கள், கட்டுப்பணத்தைக் கூட்டுவார்கள், சில வேளை மறுத்தும் விடுவார்கள். மறைத்தால் வருடக்கணக்காகக் காசை வாங்கிக்கொண்டு, மரணத்தின் பின் வைத்தியசாலைக் குறிப்பைப் பார்த்துவிட்டு மறுக்க இடமுண்டு. அப்போது பதில் சொல்ல நீங்கள் இருக்க மாட்டீர்கள். ஆகவே வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். நிரப்பியதன் பிரதியை வாங்கி வையுங்கள்.

வயதிலும் சிக்கல் வரும். இடம்பெயர்வில் பிறப்புச் சான்றிதழைத் தொலைத்தவர்கள் அடையாள அட்டையை மட்டும் காட்டுகிறார்கள். பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண்கள் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்களுக்கு அதனுடன் 500 கூட்டப்பட்டிருக்கும். இது பிறப்புப் பதிவுடன் ஒத்துவராவிட்டால், பணம் கேட்கும் வேளையில்தான் பிரச்சினை கிளம்பும். பிரதேச செயலகத்தின் பதிவாளர் பிரிவில் பிறப்புச் சான்றிதழின் பிரதியை முன்கூட்டியே எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். பெயரின் எழுத்துகளையும் பாருங்கள்.

பணத்தைப் பெற வேண்டியவராக யாரைக் குறிப்பிடுவது என்பது சில வீடுகளில் கண்ணீருடன் வரும் கேள்வி. காணாமல் ஆக்கப்பட்ட மகனின் பெயரையே எழுதி வைத்த தாய்மாரின் மனம் எமக்குத் தெரியாததல்ல. ஆனால் அவர் வந்து கையெழுத்திடும் வரை அந்தப் பணம் அசையாது. கூடவே மருமகளின் அல்லது பேரப்பிள்ளையின் பெயரைப் பங்குடன் குறிப்பிடலாம், பின்னர் மாற்றவும் செய்யலாம். பெயரை மாற்றுவது, மகன் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்வதாகாது. அது நிறுவனத்துக்குக் கொடுக்கும் ஓர் அறிவித்தல் மட்டுமே. காணாமற்போனவரே முன்பு எடுத்திருந்த காப்புறுதி வேறு விடயம். அதற்கு நிறுவனங்கள் மரணச் சான்றிதழ் கேட்கும். 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் காணாமற்போனோருக்கு வழங்கப்படும் சான்றிதழ் மரணத்துக்கான சான்று அல்ல. மரணச் சான்றிதழ் எடுப்பதா இல்லையா என்பது குடும்பத்தின் முடிவு. காப்புறுதிப் பணத்துக்காக யாரும் அவசரப்படுத்த இடம் கொடுக்க வேண்டியதில்லை.

பிள்ளை வெளிநாட்டில் இருந்தால், பணத்தைப் பெற அவர் வர வேண்டும் அல்லது அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். ஊரில் இருக்கும் ஒருவரைக் குறிப்பிடுவது இலகு. எவரையும் குறிப்பிடாவிட்டால் மரணசாதன வழக்கு வரை இழுபடலாம்.

பல நிறுவனங்கள் 60, 65 வயதுடன் புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திவிடுகின்றன. அந்த வயதைக் கடந்தவர்களின் கவலை பெரும்பாலும் செத்தவீட்டுச் செலவும் அந்தியேட்டிச் செலவும்தான். அதற்கு ஊரில் உள்ள மரண உதவிச் சங்கத்தில் சேர்வதும், இரண்டு பேர் பெயரில் கூட்டுக் கணக்கு ஒன்றில் சிறுதொகை ஒதுக்கி வைப்பதும் காப்புறுதியை விட மலிவான வழி. வங்கியிலோ நுண்கடன் நிறுவனத்திலோ கடன் இருந்தால், இறந்தால் கடனை அடைக்கும் காப்புறுதி அதில் ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் அதே தேவைக்கு இன்னொன்று வாங்க வேண்டாம்.

பத்திரம் கையில் கிடைத்த பின்னும் மனம் மாறலாம். வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்க அவகாசம் உண்டு. பொதுவாக அது 21 நாட்கள், உங்கள் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அந்த நாட்களுக்குள் படித்த ஒருவரைக் கொண்டு முழுவதையும் வாசித்துக் கேளுங்கள். தமிழில் தரும்படி கேட்கவும் தயங்காதீர்கள். கட்டுப்பணத்தை முகவரின் கையில் கொடுத்தால் நிறுவனத்தின் ரசீதை அப்போதே வாங்க வேண்டும்.

பிணக்கு வந்தால் முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் முறையிடுங்கள். திருப்தியில்லை என்றால் கொழும்பில் உள்ள இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கோ காப்புறுதிக் குறைகேள் அதிகாரிக்கோ எழுதலாம். குறைகேள் அதிகாரி காப்புறுதி எடுத்தவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. கடிதத்துடன் பத்திரத்தின் பிரதி, நிரப்பிய விண்ணப்பத்தின் பிரதி, ரசீதுகள், நிறுவனம் அனுப்பிய பதில் ஆகியவற்றை இணையுங்கள். மூலப் பிரதிகளை அனுப்ப வேண்டாம்.