காலி பாட்டிலும் ஜோசப்பும்

மூடி போட்ட பாட்டில், கண்ணாடிக் குப்பி, தகர டப்பா எதையும் தூக்கிப் போடாதீர்கள், எனக்காகச் சேர்த்து வையுங்கள் என்று ஐரோப்பாவில் இருந்த நண்பர்களுக்கு எழுதினார் ஆல்பர்ட் ஷ்வைட்சர். இறையியல் அறிஞர், பாக் இசையைப் பற்றிப் பெரிய நூல் எழுதியவர், முப்பது வயதில் மருத்துவம் படிக்கப் புறப்பட்டவர் என்று அவரைப் பற்றிக் கேள்விப்பட்ட எல்லாவற்றையும் விட இந்தப் பாட்டில் கவலைதான் என்னை அவர் பக்கம் இழுத்தது. மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றின் மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நின்றே வேலைக் காலத்தைக் கழித்த கம்பவுண்டர் நான். அவர் வைத்தியம் பார்த்த ஆப்பிரிக்க மழைக்காட்டு ஈரத்தில் அட்டைப்பெட்டி நமுத்துப்போகும். பொட்டலத்தில் கட்டிய பொடி இளகிவிடும். மருந்து கெடாமல் நோயாளியின் ஊர் போய்ச் சேர்ந்தால்தானே வைத்தியம்?

அந்த ஊர்கள் ஒகோவே நதியின் கரையில் இருந்தன. இன்றைய காபோன், அன்று பிரெஞ்சுக் குடியேற்ற நாடு. பூமத்திய ரேகைக்குச் சற்றுத் தெற்கே, நதி நடுவில் லாம்பரேனே. சாலை கிடையாது, போக்குவரத்தெல்லாம் தண்ணீரில்தான். ராபர்ட் ஹாமில் நாசோ என்ற அமெரிக்க பிரெஸ்பிட்டேரியன் 1870களிலேயே அங்கே மிஷன் நிலையம் அமைத்துவிட்டார். அவரும் டாக்டர்தான் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பள்ளிகளில் பிரெஞ்சில்தான் கற்பிக்க வேண்டும் என்ற அரசின் கட்டாயத்தால் 1892இல் நிலையம் பாரிஸ் மிஷன் கைக்கு மாறியது. ஷ்வைட்சரின் வேதக் கருத்துகள் அந்த மிஷனுக்கு உறுத்தலாக இருந்தன. வைத்தியம் மட்டும் பார்ப்பேன், பிரசங்கம் செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்த பிறகே அவருக்கு அனுமதி கிடைத்தது.

1913 ஏப்ரல் 16 அன்று அவரும், நர்ஸ் வேலை பயின்ற மனைவி ஹெலெனும் வந்து இறங்கினார்கள். எழுபது பெட்டிச் சாமான் பின்னால் வந்துகொண்டிருந்தது. மூன்று வாரத்துக்குக் கடும் நோயாளிகளைத் தவிர யாரும் வர வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தும், எல்லோரும் வரத் தொடங்கிவிட்டார்கள். பழைய கோழிக்கூண்டு ஒன்றைச் சுத்தம் செய்து வெள்ளையடித்து அதில் வைத்தியம் பார்த்தார். முதல் ஒன்பது மாதத்தில் ஏறக்குறைய 2,000 பேர். சிலர் 200, 300 கிலோமீட்டர் தூரத்திலிருந்து தோணியில் வந்தவர்கள்.

தினமும் காலையில் ஆஸ்பத்திரியின் விதிகள் கலோவா மொழியிலும் ஃபாங் மொழியிலும் உரக்கச் சொல்லப்படும். டாக்டர் வீட்டுப் பக்கம் துப்பக் கூடாது. சத்தம் போடக் கூடாது. ஒரு நாள் சாப்பாட்டைக் கையோடு கொண்டுவர வேண்டும். மருந்து கொடுத்த பாட்டிலையும் டப்பாவையும் திருப்பித் தர வேண்டும். கேட்டவர்கள் ஊர் போய் அண்டை அயலாரிடம் சொல்ல வேண்டும் என்பது ஏற்பாடு. ஒவ்வொருவருக்கும் எண் எழுதிய வட்ட அட்டை. நாரில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதே எண்ணில் பதிவேட்டில் பெயர், நோய், கொடுத்த மருந்து. இவ்வளவு செய்தும் ஒரு வாரத்துக் கஷாயத்தை ஒரே மூச்சில் குடித்தவர்கள் உண்டு, களிம்பைத் தின்றவர்கள் உண்டு, பொடியை உடம்பில் பூசிக்கொண்டவர்கள் உண்டு. இதைப் படித்து நான் சிரிக்கவில்லை. என் ஜன்னலிலும் எத்தனையோ முறை நடந்ததுதான். எப்படிச் சாப்பிட வேண்டும் என்று நோயாளியின் பாஷையில், அவருக்குப் புரிகிற வரை சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஜோசப் அசோவானி. நோயாளியாக வந்தவர். பிரெஞ்சு, ஆங்கிலம், அவற்றோடு அப்பகுதி மொழிகள் எட்டு அவருக்குத் தெரியும். முன்பு சமையல்காரராக இருந்ததால் உடம்பின் உறுப்புகளையும் கறிக்கடைப் பெயரிலேயே சொல்வார். இவருக்கு வலது தொடைக்கறியில் வலி, அந்த அம்மாவுக்கு இடது விலாக்கறியில் வலி என்று. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் லேபிளில் எழுத்து இருக்கும் தோற்றத்தை மனதில் பதித்துக்கொண்டு, அலமாரியிலிருந்து சரியான மருந்தை எடுத்துக் கொடுப்பார். மருந்து மாறினால் என்ன ஆகும் என்று தெரிந்தவனுக்குத்தான் இதன் அருமை தெரியும். சம்பளம் மாதம் 70 பிராங்க். கடற்கரையில் கேப் லோபெஸில் சமையல் வேலைக்குப் போனால் 120 கிடைக்கும்.

சொறி சிரங்குக்கு அங்கே கிண்டிய களிம்பையும் சொல்ல வேண்டும். கந்தகப் பொடி, சுத்தப்படுத்தாத பனை எண்ணெய், மென்சோப்பு. கூடவே, தின்று தீர்ந்த மத்தி மீன் டப்பாக்களில் மிஞ்சிய எண்ணெய். எதையும் வீணாக்காத கை.

தொழுநோய்க்குச் சால்மூக்ரா எண்ணெய். நம் சித்த வைத்தியர்கள் அதே நோய்க்குப் பயன்படுத்தும் நீரடிமுத்து இதற்கு மிக நெருங்கிய இனத்து மரம்; மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. கடையில் கிடைத்த சால்மூக்ராவில் கலப்படம் அதிகம். நியூ கலிடோனியாவில் தொழுநோயாளிகளிடையே வேலை செய்த ஒரு மிஷனரி மூலம் நல்ல சரக்கை வரவழைத்தார் ஷ்வைட்சர். வாயில் வைக்க முடியாத அந்த எண்ணெயோடு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் சேர்த்துக் கொடுத்தார். 1940களில் சல்போன் மருந்துகள் வரும் வரை உலகம் முழுக்கத் தொழுநோய்க்கு நம்பிக்கையாக இருந்தது இந்த எண்ணெய்தான்.

ஒரு விஷயம் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. ஆப்பிரிக்கருக்குத் தான் சகோதரன், ஆனால் மூத்த சகோதரன் என்று ஷ்வைட்சர் எழுதினார். அவர்களைக் குழந்தைகள் என்றும் எழுதினார். பக்கத்திலேயே பத்து மொழி பேசிக்கொண்டு ஜோசப் நின்றிருக்கிறார். ஷ்வைட்சருக்கு அந்த நதிக்கரை மொழிகள் தெரியாது. நோயாளி சொன்னதை அவருக்கும், அவர் சொன்னதை நோயாளிக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவர் ஜோசப். இதில் யார் யாருக்கு மூத்தவர்? சேவையின் பெருமையை நான் குறைக்கவில்லை. குடலிறக்கம் இறுகித் துடித்துச் சாக இருந்த எத்தனையோ பேரைக் காப்பாற்றிய கை அது. ஆனால் அந்த வரலாற்றை ஒற்றை ஆளின் தியாகக் கதையாகச் சொல்லும்போது ஜோசப் வெறும் வேடிக்கைப் பாத்திரமாகிவிடுகிறார். அதை என்னால் ஒத்துக்கொள்ள முடியாது.

முதல் உலகப் போர் வந்தது. அல்சேஸ்காரரான ஷ்வைட்சர் ஜெர்மன் பிரஜை என்பதால் வீட்டுக்காவல். 1917இல் பிரான்சுக்குக் கொண்டுபோய் அடைத்தார்கள். நடுவில் பணம் வற்றி ஜோசப்பின் சம்பளம் 35 பிராங்காகக் குறைந்ததும் அவர் விலகிக்கொண்டார். அது முற்றிலும் நியாயம்.

1924 ஏப்ரலில் ஷ்வைட்சர் திரும்பியபோது ஆஸ்பத்திரியைக் காடு மூடியிருந்தது, கூரைகள் பொத்தலாகிக் கிடந்தன. ஜோசப்பும் மறுபடி வேலையில் சேர்ந்தார். கூரைக்கு ஓலை கிடைக்கவில்லை. ஆற்றோர ஆட்களெல்லாம் ஒக்குமே மரம் வெட்டப் போய்விட்டார்கள். மர வியாபாரத்தில் கிடைத்த காசு கீற்று முடைவதில் இல்லை. அந்த வியாபாரமே பயிரிடும் கைகளையும் இழுத்துக்கொண்டதால் 1925இல் பஞ்சம் வந்தது, கூடவே சீதபேதியும். இடம் போதாமல் 1927இல் ஆஸ்பத்திரி ஆற்றில் மூன்று கிலோமீட்டர் மேலே, புது இடத்துக்குப் போனது. ஆனால் 1924இல் திரும்பி வந்த அந்த முதல் மாதங்களில், மருந்துக்கு வந்தவர்களிடம் டாக்டர் கேட்ட கூலி ஓலைக் கீற்றுதான். தோணியை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். கீற்றுத் தராத ஊருக்கு இனி வைத்தியம் இல்லை என்று மிரட்டியும் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்த அந்தக் கீற்றைக் கொண்டுதான் நோயாளிகளின் தலைக்கு மேல் மறுபடி கூரை போட்டார்கள்.